பழைய வண்டியின் இலக்கணமும் பேச்சும்

பழைய கார் வாங்கச் செல்பவரிடம் ஊரார் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதைத்தான். ஓட்டும் இன்பத்துக்காகவே வாங்குபவர் என்றால் இன்னொரு கேள்வியும் சேரும்: "எத்தனை குதிரைத்திறன்?" இவ்விரண்டு எண்களும் சொல்லாமல் விடுகிற ஒன்றைப் பற்றியே இந்தப் பதிவு. மொழியியல் படிக்கும் ஒருத்திக்குக் காரில் என்ன வேலை என்று நண்பர்கள் வியக்கலாம். புனேயில் பணிபுரியும் அண்ணனுக்கு வண்டி தேடுவதில் மூன்று வாரம் உடனிருந்தேன், அவ்வளவே.

அவர் ஒதுக்கியிருந்த தொகை 6 லட்சம் ரூபாய். அண்ணி அப்போது கருவுற்றிருந்தார். தமக்கென ஆசைப்பட்டு வாங்கும் கடைசி வண்டி இதுவாகவே இருக்கும் என்பதும், இதே வண்டியில்தான் அண்ணியையும் குழந்தையையும் மலைப்பாதைகளில் அழைத்துச் செல்லப்போகிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன.

இரு கதவு கொண்ட அசல் ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் நாட்டில் இந்தத் தொகைக்கு அகப்படுவது அரிது. எனவே ஆர்வலர்கள் வேகமான சிறிய கார்களை நாடுகிறார்கள். அண்ணனின் பட்டியலில் இறுதியில் இரண்டு மாடல்கள் எஞ்சின. ஒன்று, 2013இல் அறிமுகமான ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. மற்றொன்று, 2015இல் ஃபியட் கொண்டுவந்த அபார்த் புன்டோ. இரண்டுமே புனேக்கு அருகில் பிறந்தவை. முன்னது சாக்கண் ஆலையிலும் பின்னது ரஞ்சன்காவ் ஆலையிலும் உருவானது. இரண்டின் உற்பத்தியும் இப்போது நின்றுவிட்டது.

தாளில் பார்த்தால் போட்டியே இல்லை. போலோவின் 1.2 லிட்டர் டர்போ இன்ஜின் 105 குதிரைத்திறனும் 175 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. அபார்த்தின் 1.4 லிட்டர் டர்போவோ 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் வேறு. ஆனால் நிறுவனங்களே அறிவித்த கணக்கின்படி, நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டப் போலோவுக்கு 9.7 விநாடி, அபார்த்துக்கு 8.8 விநாடி. ஏறத்தாழ 38 விழுக்காடு கூடுதல் திறன் ஈட்டித் தருவது ஒரு விநாடிக்கும் குறைவான ஆதாயமே. இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரங்களே என்பதால், அவற்றின் பிடிமானம் தாங்கும் அளவுக்குத்தான் திறன் தரையை அடைகிறது. போலோவின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் இழுவை அறுபடாமல் கியர் மாற்றிக்கொள்கிறது. அபார்த்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கால் கிளட்சை மிதிக்க வேண்டும்.

மொழியியலாளர் சசூர் மொழியமைப்பையும் பேச்சையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னது ஒரு சமூகம் முழுவதற்கும் பொதுவானது. பின்னது குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட கணத்தில் நிகழ்த்துவது. குதிரைத்திறன் மாடலின் இலக்கணம். ஒழுங்காகப் பராமரித்த இரண்டு இன்ஜின்களிடையே பத்தாண்டுக்குப் பிறகும் அது பெரிதாக வேறுபடுவதில்லை. கையாளுதல் அப்படியன்று. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் பிரேக்கை மிதிக்கும்போதும் ஓட்டுபவர் ஒரு கேள்வி கேட்கிறார். வண்டி எவ்வளவு விரைவாக, எவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்கிறது என்பதே கையாளுதல். அந்தப் பதில் ஒவ்வொரு வண்டிக்கும் தனி.

மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்தோம். மூன்றையும் முல்ஷி செல்லும் சாலையில், பிரங்குட் மலைச்சரிவின் அதே வளைவுகளில். முதல் அபார்த்தின் இன்ஜின் அருமையாக இருந்தது. நேர்ச்சாலையில் முதுகை இருக்கையோடு அழுத்தியது. ஆனால் வளைவின் நடுவே சாலை சற்று மேடுபள்ளமானபோது வண்டி தன் பாதையிலிருந்து வெளிப்புறமாக விலகியது. அண்ணன் காலைத் தளர்த்தி அதைத் திருப்பிக்கொண்டுவந்தார். காரணம் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அந்த டயர்களின் வயது எட்டு. ஷாக் அப்ஸார்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்தது.

ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். பள்ளத்தில் துள்ளிய சக்கரத்தை உடனே தரையில் அமர்த்துவது ஷாக் அப்ஸார்பரின் பணி. அது தளர்ந்தால் சக்கரம் துள்ளிக்கொண்டே செல்லும். துள்ளுகிற கணத்தில் பிடிமானம் இல்லை. அதே கணத்தில் டர்போவின் டார்க்கும் வந்து சேர்ந்தால் முன்சக்கரங்கள் திரும்ப மறுத்து நேரே ஓடும். இதைத்தான் ஆர்வலர்கள் அண்டர்ஸ்டீயர் என்கிறார்கள். கூடுதல் திறன் இங்கே துணை செய்வதில்லை, நிலைமையை மோசமாக்குகிறது.

இரண்டாவது அபார்த் வேறோர் உயிர். அதே மாடல், அதே ஆண்டு. உரிமையாளர் ஒவ்வொரு பில்லையும் கோப்பில் வைத்திருந்தார். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் சாலையின் சொரசொரப்பைக்கூட உள்ளங்கைக்குச் சொன்னது. விலையோ அண்ணனின் தொகைக்கு மேல் ஒன்றரை லட்சம். மூன்றாவதாகப் பார்த்த போலோவில் டயர்கள் ஓராண்டே ஆனவை. சஸ்பென்ஷன் புஷ்கள் அண்மையில் மாற்றப்பட்டவை. முதல் அபார்த் தடுமாறிய அதே வளைவை அது ஆரவாரமின்றிக் கடந்தது.

"டேய், கூட வந்தது போதும், நீயே சொல்லு" என்றார் அண்ணன். சிறுவயதிலிருந்தே எனக்கும் அவருக்கு "டேய்"தான். பிறகு அவரே வாதாடினார்: "ஷாக் அப்ஸார்பரையும் டயரையும் மாத்திக்கலாம். இன்ஜினை மாத்த முடியுமா?"

அதில் நியாயம் இருந்தது. தேய்ந்த கையாளுதலைப் பணம் கொடுத்து மீட்க முடியும். ஆனால் அந்தப் பணமும் வண்டியின் விலையில் சேர்ந்ததுதான். அபார்த்துக்கெனத் தனியாக அமைத்த ஸ்ப்ரிங்குகள் எப்போது கிடைக்கும் என்று தேதி சொல்ல, நாங்கள் அணுகிய மெக்கானிக் தயங்கினார். சரிசெய்யும் செலவைக் கூட்டிப் பார்த்தபோது, மலிவாகத் தெரிந்த முதல் வண்டி இரண்டாவதன் விலையை நெருங்கிவிட்டது.

போலோவுக்கும் அதன் கவலை உண்டு. அதன் கியர்பாக்ஸின் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்காத உலர் வகை. நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் சூடேறும். எனவே வேகமாக ஓட்டிப் பார்த்ததைவிட நீண்ட நேரம் ஊர்ந்து பார்த்தோம், நடுக்கம் தெரிகிறதா என்று. தெரியவில்லை. ஆயினும் 50,000 ரூபாயைப் பழுதுக்கென ஒதுக்கிவிட்டே அண்ணன் முன்பணம் கொடுத்தார்.

அண்ணனின் இடத்தில் நிற்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. மாடலை இணையத்தில் தேர்ந்தெடுங்கள்; வண்டியைச் சாலையில் தேர்ந்தெடுங்கள். எல்லா வண்டிகளையும் ஒரே சாலையில் ஓட்டுங்கள். வேகமானியைப் பார்க்கும் முன் டயரின் வயதைப் பாருங்கள். பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங்கை மெல்லப் பற்றுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காரணம் கேளுங்கள்.

அந்தப் போலோவின் பின்னிருக்கையில் இப்போது குழந்தைக்கான இருக்கை பொருத்தப்பட்டிருக்கிறது. பிரங்குட் வளைவுகளை அண்ணன் முன்னைவிட மெதுவாகவே கடக்கிறார். சென்ற மாதம் ஒரு திருப்பத்தில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை மிதித்து ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பினார். வண்டி சொன்னபடி கேட்டது. குழந்தை விழிக்கவில்லை.