கடவுச்சீட்டைப் பார்த்து வாத்தியார் வேலை

தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போக நினைப்பவர்கள் முதலில் இ-2 விசா விதியைப் படிக்க வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டவருக்குப் பொதுவாக ஏதாவதொரு பட்டம் போதும். கணிதம் படித்தவரும் போகலாம். இந்தியருக்கோ 2010இல் நடைமுறைக்கு வந்த இருநாட்டுப் பொருளாதார ஒப்பந்தத்தால்தான் வழி பிறந்தது. பட்டத்தோடு ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். பயிற்சியைவிடப் பிறந்த ஊருக்கு மதிப்பெண் அதிகம் என்றுதானே இதற்குப் பொருள்?

தாய்மொழியாகப் பேசுபவரின் உச்சரிப்பு மாணவர் காதில் விழ வேண்டாமா என்பார்கள். விழட்டும். ஆனால் கிளாஸ்கோ பேச்சும் டெக்சாஸ் பேச்சும் ஒன்றா? (இரண்டையும் கேட்டவர்கள் சிரிப்பார்கள்.) தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு, அந்நாட்டவரிடம் கேட்பது ஆங்கில வழியில் படித்த சான்றைத்தான். சென்னைக்காரரிடமும் அது இருக்கிறதே! தவிர, தமிழைப் போலவே கொரிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வரும். ஆங்கிலத்தின் 'எ', 'தி' இவ்விரு மொழிகளிலும் கிடையாது. கொரிய மாணவர் எங்கே தடுக்குவார் என்பதை, அதே இடத்தில் தடுக்கிப் படித்த, தமிழ் பேசும் ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.