தழும்பும் வெளிச்சமும்

இந்த வகைப் படத்தைத் தமிழில் என்ன பெயரிட்டு அழைப்பது என்பதே எனக்கு முதல் சிக்கல். 'அம்மணம்' என்றதும் பாட்டியின் அதட்டல்தான் காதில் விழுகிறது: "அம்மணக்கட்டையா ஓடாதடி!" 'நிர்வாணம்' என்றால் எதிரில் இருப்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். ஆங்கிலத்தில் கென்னத் கிளார்க், 1956இல் வந்த தன் நூலில் நேக்கட், நியூட் என இரண்டாகப் பிரித்தார். முதலாவது ஆடை பறிபோன உடலின் கூச்சம்; இரண்டாவது கலையில் தன்னிறைவோடு நிற்கும் உடல். 1972இல் ஜான் பெர்ஜர் அதை அப்படியே திருப்பிப் போட்டார். நேக்கட் என்றால் தானாக இருப்பது, நியூட் என்றால் அடுத்தவர் பார்வைக்குக் காட்சிப்பொருளாவது. இருவரும் பார்ப்பவரின் பக்கம் நின்று பேசுகிறார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போகிறவளுக்கு அதைவிடச் சில்லறையான கேள்விகள் இருக்கின்றன. ஏர்கோன் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும்? கதவைப் பூட்டியாயிற்றா? அவர் எப்போது அங்கியைக் கழற்ற வேண்டும், அதை யார் சொல்வது?

நான் பிழைப்புக்குத் திருமணப் படம் எடுப்பவள். சிங்கப்பூரில் தை மாதம் வந்தால் எனக்கு ஞாயிறு கிடையாது. மற்ற மாதங்களில் சில ஞாயிறுகள், உபி தொழிற்பேட்டையில் நண்பர் வாடகைக்கு எடுத்திருக்கும் ஸ்டூடியோவில், உடலைப் படமெடுக்கப் பழகுகிறேன். ஜன்னல் இல்லாத அறை, கறுப்பு வெல்வெட் துணி, இரண்டு விளக்கு, ஒரு முக்காலி. அவ்வளவுதான்.

இதை முதன்முதலில் பார்த்தது ஒரு குழுப் பயிற்சியில். ஒரு பெண்ணைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கேமராக்கள். விளக்கை அரை மணி நேரம் சரிசெய்தார்கள். அவ்வளவு நேரமும் அவர் ஆடையின்றி நின்றார். நடத்தியவர் பேசிக்கொண்டே அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். அன்று எடுக்கப்பட்ட படங்களைப் பிறகு பார்த்தேன். எல்லாவற்றிலும் அவருடைய கழுத்து நரம்பு இறுகியிருந்தது. வெளிச்சம் பிரமாதம். உடல் மட்டும் அங்கிருந்து போய்விட விரும்பியது.

மரியாதை கெட்டால் படமும் கெடும் என்று அங்கேதான் புரிந்தது.

அதன்பின் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். வயதைச் சரிபார்ப்பதும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் ஆடையோடு இருக்கும்போதே முடிய வேண்டும். அவர் விரும்பும் ஒருவரை உடன் அழைத்து வரலாம். இறுக்கமான உள்ளாடையின் தடம் தோலில் மறைய ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதால், தொளதொளப்பான உடையில் வரச் சொல்வேன். விளக்கைச் சரிசெய்யும்போது அவர் இடத்தில் நான் உட்காருவேன். தொடமாட்டேன், எப்படித் திரும்ப வேண்டும் என்பதை என் உடம்பிலேயே செய்து காட்டுவேன். தொலைபேசி பைக்குள்.

இவ்வளவும் தெரிந்தவள் என்ற நினைப்போடுதான் அக்காவைப் படமெடுக்கப் போனேன். பெயர் வேண்டாம் என்றார். ஐம்பதைத் தாண்டியவர், அறுவை சிகிச்சை அறையில் பல வருடம் தாதி. வயிற்றில் சிசேரியன் தழும்பு.

தழும்பை என்ன செய்வது என்பது வெளிச்சம் பற்றிய கேள்வி. பெரிய சாஃப்ட்பாக்ஸை முன்னால் வைத்தால் நிழல் விழாது. தோல் சமமாகத் தெரியும், தழும்பு கரைந்துவிடும். அதே விளக்கைப் பக்கவாட்டில், தோலை உரசிக்கொண்டு போவதுபோல வைத்தால் சின்ன மேடும் நிழல் போடும். தழும்பு கோடாக எழுந்து நிற்கும். இரண்டையும் என் முழங்கால் தழும்பில் எடுத்துக் காட்டினேன்.

"எது வேணும்க்கா?"

திரையை உற்றுப் பார்த்தார். "பக்கத்துல வைமா. தையல் நல்லா போட்டுருக்காரு டாக்டரு. தெரியட்டும்."

அங்கியைக் கழற்றும் முன் ஒன்று சொன்னார். "தியேட்டர்ல நாங்க முழுசா மூடிட்டு, வேண்டிய இடத்த மட்டும்தான் தொறப்போம். மயக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியவா போவுது? ஆனா மூடுவோம்." அதையே அன்றைக்கும் செய்தோம். முதுகுக்கு முதுகு மட்டும். வயிற்றுக்கு வயிறு மட்டும். ஒவ்வொரு தடவையும் "இப்ப இடது பக்கம் விளக்கு வருது" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன். கடைசியில் அவரே அங்கியை முழுதாக விலக்கினார். அந்தப் படத்தில் கழுத்து தளர்ந்திருக்கிறது.

எட்வர்ட் வெஸ்டன் 1936இல் எடுத்த சாரிஸ் வில்சனின் படம் இத்துறையில் ஒரு பாடநூல்போல. தலை கவிழ்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கதவோரம் வெயிலில் அமர்ந்திருப்பார். வலக்கையில் விழுந்த நிழல் வெஸ்டனை உறுத்திக்கொண்டே இருந்ததாம். தன்னை உறுத்தியது கோணலான வகிடும் கொண்டை ஊசிகளும் என்று வில்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தப் படத்தை இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அந்தக் கொண்டை ஊசிதான் எனக்குச் சாட்சி. நம் நேஷனல் கேலரியில் லியூ காங்கின் 'ஓவியரும் மாடலும்' இருக்கிறது. 1952 பாலிப் பயணத்தின் பலனாக 1954இல் வரைந்தது. அதில் வரைந்துகொண்டிருப்பவர் சென் வென் சி என்று நமக்குத் தெரியும். எதிரில் இருக்கும் பெண்ணுக்குத் தலைப்பில் 'மாடல்' என்ற சொல் மட்டும்தான். அவருக்கு அந்த ஓவியத்தில் எது உறுத்தியது?

சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல், ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமின்றிப் பரப்புவது தனிக் குற்றம். ஐந்து ஆண்டுவரை சிறை. நல்ல சட்டம். ஆனால் சம்மதம் ஒரே கையெழுத்தில் முடிகிற காரியமில்லை. எடுக்கச் சம்மதம் வேறு, வைத்திருக்கச் சம்மதம் வேறு, காட்டச் சம்மதம் வேறு. என் ஒப்பந்தத்தில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு.

உடை மாற்றிக்கொண்டு வந்து, காப்பி குடித்தபடி அக்கா எல்லாப் படங்களையும் பார்த்தார். ஒன்பதை அழிக்கச் சொன்னார். அவர் முன்னாலேயே அழித்தேன். ஒன்றை அச்சிட்டுத் தரச் சொன்னார். 'காட்சிக்கு வைக்கலாம்' என்ற கட்டத்துக்கு எதிரே 'வேண்டாம்' என்று எழுதினார்.

நான் எடுத்ததிலேயே ஆகச் சிறந்த படம் அதுதான். ஸ்டூடியோ நண்பர், "இன்னொரு தடவ கேட்டுப் பாரேன், போட்டிக்கு அனுப்பலாம்லா" என்றார். ஆசை இல்லாமலில்லை. ஆனால் கேட்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும் 'சரி', தோளைப் பிடித்துத் திருப்புவதுபோலத்தான். படம் அவருடைய அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறதாம். கட்டுரையோடு படம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

போன மாதம் சிராங்கூன் ரோட்டில் ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்தேன். பட்டுச்சேலை, தலை நிறைய பூ. நான் கேமராவோடு மேடைக்குக் கீழே குனிந்து நின்றேன். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "என்னமா, இன்னிக்கு எல்லாரையும் உடுப்போட எடுக்கறியா?"