தெமள பெரய

அக்டோபர் 12, அம்பலாங்கொடை

மாசி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் திடல்களில் விடிய விடிய மிருதங்கம் வாசிக்கிறவனுக்கு ஐப்பசியில் வயல்வேலைதான். இந்த ஆண்டு கடல் தாண்டி வந்திருக்கிறேன், மூன்று வாரத்துக்கு. காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து நானும் எங்கள் கூத்து ஜமாவின் முகவீணைக்காரரும். இங்கே, ‘நாடகம’ என்னும் சிங்களக் கூத்துக்கு மத்தளம் வாசிக்கும் பெரியவர் ஒருவர். கடைசி வாரம் மட்டக்களப்பில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார். ஒருவர் அடியை மற்றவர் கற்க வேண்டும், பதிவு செய்து எழுதி வைக்க வேண்டும்.

ஏற்பாடு செய்தவர்கள் ஒரு படிவம் தந்தார்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் நேரே ‘மூலம்’ என்று ஒரு கட்டம்.

அக்டோபர் 13

பெரியவரை எல்லோரும் குருன்னான்சே, அதாவது குருநாதர், என்கிறார்கள். அவர் என்னை ‘மல்லி’ என்றார். சிங்களத்தில் தம்பி என்று பொருளாம். அவர் வாத்தியத்தின் பெயரைக் கேட்டேன். மத்தளய. இன்னொரு பெயரும் சொன்னார்: தெமள பெரய. தமிழ் மேளம்! இரவு தூக்கம் பிடிக்கவில்லை. விளக்கைப் போட்டுப் படிவத்தை எடுத்து, அவருடைய உருப்படிகள் எல்லாவற்றுக்கும் நேரே ‘தமிழ்க் கூத்து’ என்று எழுதினேன்.

அக்டோபர் 14

மழை. தோல் தொய்ந்து கிடக்கிறது.

அக்டோபர் 16

கோணங்கியின் வரவுக்கு வாசித்துக் காட்டினார். முடிந்ததும், “இதெல்லாம் எங்ககிட்டேயிருந்து வந்ததுதான்” என்றேன். மொழிபெயர்க்கும் பையன் தயங்கினான். சொல்லு என்றேன். குருன்னான்சே கேட்டார், சரி என்னும் பொருளில் ‘ஹரி’ என்றார், மத்தளத்தை உறையில் போட்டுக் கட்டினார், போய்விட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. நாடகம தமிழ்க் கூத்திலிருந்து வளர்ந்தது என்று சிங்கள அறிஞர்களே எழுதியிருக்கிறார்கள்.

மாலையில் பையன் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு கதை சொன்னான். 1956 ஜூலையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் நாடகாசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ என்னும் சிங்கள நாடகம் மேடையேறியது. நாடகமவின் பாட்டையும் அடியையும் அவருக்குக் கொடுத்தவர் இந்தப் பக்கத்துக்காரர், சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சரச்சந்திரவின் வேலையைப் பார்த்த தமிழ் விரிவுரையாளர் வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரைத் தேடிப் போனார். 1962இல் அவருடைய ‘கர்ணன் போர்’ கூத்து மேடையேறியது. அப்படியானால் தமிழ்க் கூத்தைத் தமிழ்ப் படிப்பாளிகள் திரும்பிப் பார்க்க ஒரு சிங்கள நாடகமும் காரணமாகியிருக்கிறது. எது எங்கிருந்து வந்தது?

எங்கள் குருன்னான்சேயின் அப்பாவும் மத்தளக்காரராம். ஊரில் நாடகம ஓய்ந்த பிறகு பொம்மலாட்டத்துக்கு வாசித்து வீட்டைக் காப்பாற்றினாராம். நான்கு நாளாக அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா யார் என்று நான் கேட்கவே இல்லை.

அக்டோபர் 17

அவர் வரவில்லை.

அக்டோபர் 18

வந்தார். நான் எதுவும் பேசவில்லை. “இன்னொரு தடவை” என்பதற்கு மட்டும் சிங்களச் சொல்லைக் கேட்டு வைத்துக்கொண்டேன். நான் சும்மா விடுகிற இடத்தில் அவர் இடக்கையால் மெல்ல ஒன்று வைக்கிறார். நாள் முழுக்க அந்த ஒன்றுதான். என் கைக்கு வரவில்லை.

அக்டோபர் 27, மட்டக்களப்பு

குருன்னான்சேயோடு வந்து சேர்ந்தோம். இரண்டு வாரம் கழித்துக் காது நிறையத் தமிழ். வீட்டுக்கு வந்தது போலிருந்தது. அண்ணாவியார் எல்லாவற்றையும் சொன்னார்: வடமோடி, தென்மோடி, வட்டக்களரி, கரப்புடுப்பு, சட்டம் கொடுப்பதிலிருந்து அரங்கேற்றம் வரை. மத்தளமும் சல்லாரித் தாளமும் போதுமாம். ஆர்மோனியம் இல்லை, முகவீணை இல்லை.

தர்மராஜாவின் திரை வரவை வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டார். “நல்லாத்தான் அடிக்கிறீங்க தம்பி. ஆனா இது நம்மட கூத்து இல்ல.” அன்பாகத்தான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு அவர் வடமோடி வரவுக்கு அடித்தார். ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக் கேட்டு வாசித்தேன், மூன்று முறையும் தப்பியது. ஒரு சொல்லும் புரியாத குருன்னான்சே கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் முறையே பிடித்துவிட்டார். அண்ணாவியார் தொடையில் தட்டிச் சிரித்தார். இருட்டும்வரை இருவரும் வாசித்தார்கள். நான் சல்லாரி போட்டேன்.

அக்டோபர் 28

கோபம் தீரவில்லை. மொழி எனக்கு இருக்கிறது, கை அவருக்கு இருக்கிறது.

அக்டோபர் 30

பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோயில். இங்கும் தீமிதிப்பு உண்டு, பாண்டவர் வனவாசம் உண்டு. எங்கள் பக்கம் பதினெட்டாம் போர் முடிந்து படுகளத்தில் அம்மன் கூந்தல் முடிவாள். அந்த விடியற்காலை அடி என் விரலில் ஓடிக்கொண்டே இருந்தது. குருன்னான்சே செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். “பத்தினி?” என்று என்னைக் கேட்டார். கண்ணகிதான் அவர்களுக்குப் பத்தினி தெய்வம். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கைகூப்பிவிட்டார். பக்கத்தில் நின்றேன்.

நவம்பர் 2

கிளம்புகிறோம். ஆறு பொங்கிக் கிடக்கிறது. அண்ணாவியார் ஒரு பொதி முந்திரிப்பருப்பு தந்தார்.

நவம்பர் 9, ஊர்

ஜமாவில் எல்லோரும் என்ன கொண்டுவந்தாய் என்றார்கள். இரவு பயிற்சியில், சும்மா விட வேண்டிய இடத்தில் இடக்கை தானாக ஒன்று வைத்தது. “கை தவறுதே” என்றார் வாத்தியார். பேசாமல் தொடர்ந்தேன். அடுத்த சுற்றிலும் விழுந்தது.

நவம்பர் 13

ஏற்பாடு செய்தவர்கள் படிவத்தைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறார்கள். நான் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டேன். கட்டம் அப்படியே கிடக்கிறது. மாசியில் குருன்னான்சேயையும் அண்ணாவியாரையும் இங்கே அழைப்பதாகப் பேச்சு. விசா பற்றி ஒரு தகவலும் இல்லை.