கடைசிப் படகுக்கு முன்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரையொட்டிக் கடலுக்குள் நிசிதா என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. எரிமலை உண்டாக்கிய தீவு. கரையோடு அதை ஒரு பாதை இணைக்கிறது. தீவின் மேல் சிறுவர் சிறை. அந்தச் சிறையை மனத்தில் வைத்து கிறிஸ்தியானா ஃபரீனாவும் மௌரீசியோ கரேதுவும் உருவாக்கிய ‘மாரே ஃபுவோரி’ தொடர் 2020 செப்டம்பரில் ராய் 2 அலைவரிசையில் தொடங்கியது. தலைப்புக்கு ‘வெளியே கடல்’ என்று பொருள். 2022இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த பிறகுதான் அது பெருவெற்றி கண்டது. நடிகர்களில் ஒருவரான மத்தேயோ பாவோலில்லோ தானே எழுதிப் பாடிய தலைப்புப் பாட்டை இத்தாலியப் பதின்வயதினர் தெருவெல்லாம் பாடித் திரிந்தார்கள்.

இதை எழுதுபவர் இலங்கையின் வடக்கிலுள்ள நெடுந்தீவில் பிறந்தவர். பள்ளி மேடையில் தொடங்கி, குறும்படங்களுக்கு வசனம் எழுதி, இப்போது ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான கதையோடு உட்கார்ந்திருப்பவர். அதுவும் சட்டத்தோடு மோதித் தடுத்து வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய கதைதான். அதனால் ‘மாரே ஃபுவோரி’யை அவர் பார்த்தது பென்சிலும் கையுமாக. அவர் குறித்துக்கொண்டவற்றில் முதலாவது கடல். முற்றத்தில் பிள்ளைகள் பந்தடித்தாலும், இரவில் யாராவது தனியே அழுதாலும், கண்ணுக்கெட்டிய இடத்தில் தண்ணீர் தெரிகிறது. தீவுப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. அது போகிற வழியும் மறிக்கிற வேலியும் ஒன்றாகவே இருக்கிற கடல்.

அடுத்தது, பிள்ளைகளின் முன்கதை. மிலானிலிருந்து வந்த பியானோக்காரப் பையன் பிலிப்போவும், கமோரா என்ற குற்றக் கும்பலின் குடும்பம் ஒன்றில் பிறந்து அதை விட்டு ஓடி முடிதிருத்தும் தொழில் பழக ஆசைப்பட்ட கர்மினேயும் உள்ளே வருகிறார்கள். கதை அவர்களைச் சிறைக்குள் நிறுத்திவிட்டு, அவர்கள் எந்த வீட்டிலிருந்து வந்தார்கள், அன்றைக்கு என்ன நடந்தது என்று அடிக்கடி பின்னால் போய்ப் பார்க்கிறது. குற்றம் ஒரு நிமிடம். அதற்கு முன்னால் பதினாறு வருடம். இந்தக் கணக்கைத் தொடர் கைவிடவில்லை. ஆனால் அதன் குறையும் தெளிவு. பிள்ளைகளாக நடித்தவர்களில் பலர் இருபதைத் தாண்டியவர்கள், பார்க்க அழகர்கள். காதலும் கத்தியும் மாறி மாறி வருகின்றன. உள்ளே இருப்பதே ஒரு வீரம் என்று எண்ணவைக்கிற இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் வாளோடு திரியும் கூட்டங்களைப் பற்றிய செய்திகளை வாசித்து வளரும் பையன்களுக்காக எழுதுகிறவர் இந்த ஆபத்தைச் சிறிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதே நேப்பிள்ஸில் இதற்கு வேறொரு மரபும் இருந்தது. நாடகாசிரியர் எடுவார்தோ தெ ஃபிலிப்போ 1981இல் வாழ்நாள் செனட்டராக நியமிக்கப்பட்டார். எண்பது வயதைத் தாண்டிய அந்தக் கலைஞர், கிடைத்த பதவியை நேப்பிள்ஸ் சிறுவர் சிறைப் பிள்ளைகளுக்காகப் பேசப் பயன்படுத்தினார். அவர்களுக்குத் தொழிலும் நாடகமும் வேண்டும் என்றார். 1984இல் இறந்துபோனார். நாடகக்காரன் அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதுவதோடு நின்றுவிடாமல் அவர்களுக்காக வாதாடவும் செய்யலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அடிதடியைக் காட்டியே உண்மையைச் சொல்லப் புறப்பட்டவர்களும் உண்டு. 1977இல் பிபிசிக்காக ஆலன் கிளார்க் இயக்கிய ‘ஸ்கம்’, இங்கிலாந்தின் போஸ்டல் என்ற இளைஞர் சிறைக்குள் நடந்த கொடுமையைக் காட்டியது. பிபிசியே அதை ஒளிபரப்பாமல் பூட்டி வைத்தது. 1979இல் அதே கதையைத் திரைப்படமாக எடுத்தார்கள். தொலைக்காட்சிப் பிரதி 1991இல்தான் ஒளிபரப்பானது. அதற்குள் போஸ்டல் முறையே சட்டத்திலிருந்து நீங்கிவிட்டது. ‘ஸ்கம்’ தேவையான படம். மூடிய கட்டடத்துக்குள் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கும் அண்மை உதாரணம் இருக்கிறது. 2022 கடைசியில் செங்கல்பட்டு அரசினர் இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான், அங்கே வேலை செய்தவர்கள் கைதானார்கள், தமிழ்நாட்டு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு இத்தகைய இல்லங்களை ஆராயச் சொன்னது. இதை எழுதாமல் விடுவது பொய். இதை மட்டும் எழுதினால் பிள்ளை அடிவாங்குகிற உடம்பாக மட்டுமே எஞ்சுகிறான்.

2025 மார்ச்சில் வந்த ‘அடொலசன்ஸ்’ இந்தத் தொழிலில் இருப்பவர்களைத் தூங்கவிடாத தொடர். ஜாக் தோர்னும் ஸ்டீஃபன் கிரகாமும் எழுதி, பிலிப் பரன்டினி இயக்கியது. நான்கு அத்தியாயம். ஒவ்வொன்றும் வெட்டு இல்லாத ஒரே ஷொட். பள்ளித் தோழியைக் கொன்றதாகக் கைதான 13 வயது ஜேமி, மூன்றாவது அத்தியாயத்தில் தடுப்பு நிலையத்தின் ஒரு அறையில் உளவியலாளரோடு உட்கார்ந்திருக்கிறான். இருவர், ஒரு மேசை, குடிக்க ஏதோ, கொஞ்சம் சாப்பாடு. முழு அத்தியாயத்துக்கும் இவ்வளவே போதுமாக இருக்கிறது. அவன் சிரிக்கிறான், கெஞ்சுகிறான், திடீரென்று சீறி எழும்புகிறான், பிறகு தன்னை அவளுக்குப் பிடிக்குமா என்று கேட்கிறான். இங்கே எழுத்து வேலை என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் எதையும் போதிப்பதில்லை. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். பதிலைவிட அவள் காத்திருக்கும் நேரத்தில்தான் அவன் வெளிப்படுகிறான்.

ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு அது முதல் திரை வேடம். படமாக்கலில் அவர் முதலில் நடித்ததே இந்த மூன்றாம் அத்தியாயத்தைத்தான். அவ்வருடம் செப்டம்பரில் 15 வயதில் எம்மி விருது பெற்றார். ஒரே ஷொட் என்றவுடன் கமராக்காரரின் வித்தையைத்தான் எல்லோரும் பேசினார்கள். மேடையில் பழகியவருக்கு அது வேறு விதமாகத் தெரியும். பிள்ளை நடிகன் முழு நாடகத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை உடம்பில் வைத்திருக்கிறான், நடுவில் யாரும் அவனை நிறுத்துவதில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் ‘கூடி விளையாடு பாப்பா’வை மேடையேற்றிய காலத்திலிருந்து நமது சிறுவர் அரங்கு நம்பி வந்ததும் இதைத்தான். முதலில் விளையாட்டு, பிறகு ஒத்திகை, வசனம் கடைசியில்.

அடுத்தது சட்டம். எழுதுகிறவர்கள் பலர் அதைச் சலிப்பான ஆராய்ச்சி என்று தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் கதையின் முதுகெலும்பே அங்கேதான் கிடக்கிறது. இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு வயது 10, ஆகவே அங்கே வாழும் ஜேமி மீது வழக்கு நடக்கிறது. இத்தாலியில் அது 14, அங்கே அவன் மீது வழக்கே இராது. தென்கொரியத் தொடரான ‘ஜுவனைல் ஜஸ்டிஸ்’ 2022இல் வந்தது. அதன் முதல் வழக்கில், கொலையை ஒப்புக்கொண்டு வருகிற 13 வயதுச் சிறுவன், 14க்குக் கீழே தண்டனை இல்லை என்பதைத் தெரிந்து வைத்திருக்கிறான். அந்த வழக்கு முழுதும் அந்த எண்ணைச் சுற்றியே ஓடுகிறது.

இலங்கையில் அந்த எண் நீண்ட காலம் 8 ஆக இருந்தது. தண்டனைச் சட்டக்கோவைக்கு 2018இல் வந்த திருத்தம் அதை 12 ஆக்கியது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளை என்றால், தான் செய்ததன் தன்மையும் விளைவும் விளங்குகிற முதிர்ச்சி அவனுக்கு இருந்ததா என்பதை நீதிமன்றம் பார்க்க வேண்டும். ஒரு நீதவானும் ஒரு பிள்ளையும், விளங்கியதா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியும்: ‘அடொலசன்ஸ்’ அறைக்குச் சற்றும் குறையாத காட்சி இது. நமது தமிழ்த் தொடர்களில் இப்படியொரு காட்சியை எழுதியவர் யாரையும் இதை எழுதுபவர் கண்டதில்லை. நீதிமன்றம் என்றால் நமது திரையில் இன்னமும் கூண்டும் சுத்தியலும் இடிபோன்ற குரலும்தான். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் கேட்பதோ அதற்கு நேர்மாறானது: பொதுமக்கள் இல்லாத அமர்வு, பிள்ளையின் பெயரையும் முகத்தையும் பள்ளியையும் வெளியிடாத பத்திரிகை.

நெடுந்தீவுப் பையன் ஒருவன் மீது வழக்கு என்று வைத்துக்கொள்வோம். தீவில் பொலிஸ் நிலையம் உண்டு, நீதிமன்றம் ஊர்காவற்றுறையில். இந்தியப் படகுகளோடு பிடிபடும் மீனவர்களைக் கொண்டுபோகிற அதே நீதிமன்றம்தான். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுவார். நீதிமன்றம் உத்தரவிட்டால் பிள்ளை வலிகாமம் கிழக்கில் அச்சுவேலியிலுள்ள சான்றுபெற்ற பாடசாலைக்குப் போகலாம். களவெடுத்தவனும், வீட்டில் பார்க்க ஆளில்லாமல் நீதிமன்றத்தின் முன் வந்தவனும் ஒரே கூரையின் கீழ் இருக்க நேர்வது இலங்கையின் சிறுவர் நீதி பற்றிய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் முறைப்பாடு. எழுதுகிறவருக்கு இதுவே இரண்டு முக்கிய பாத்திரங்களைத் தந்துவிடுகிறது: தண்டிக்கப்பட்டதாக எண்ணுகிற நிரபராதி ஒருவன், வீட்டைவிட இது நல்லது என்று எண்ணுகிற குற்றவாளி ஒருவன்.

ஆனால் கதையின் உண்மையான உயரம் தாய் பிள்ளையைப் பார்க்கப் போகிற நாளில் இருக்கிறது. மாவிலித்துறையில் காலைப் படகு. குமுதினியோ வடதாரகையோ, அன்றைக்கு ஓடுவது எதுவோ அது. ஒரு மணி நேரமளவு கடல். குறிகட்டுவானில் இறங்கி பஸ். புங்குடுதீவு, வாணர் தாம்போதி, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். அங்கிருந்து இன்னொரு பஸ் அச்சுவேலிக்கு. திரும்பிவரக் கடைசிப் படகு பிற்பகலில். சோளகம் அடிக்கிற மாதங்களிலும் மாரி வாடையிலும் படகு ஓடுமா என்பதே காலையில்தான் தெரியும். இவ்வளவையும் கழித்தால் தாய்க்கும் மகனுக்கும் மிஞ்சுவது மிகக் கொஞ்ச நேரம். படகு அட்டவணைதான் இந்தக் காட்சியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. இதைக் கண்ட பிறகு எழுதுபவர் தன் திரைக்கதையின் முன்பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பது அந்த அட்டவணையை.

அந்தக் காட்சியை அவர் இப்படி எழுதியிருக்கிறார். தாய் ஒரு பையில் புழுக்கொடியலும் பனங்கட்டியும் கொண்டு வந்திருக்கிறாள். வாசலில் அதைச் சோதித்து வைத்துக்கொள்கிறார்கள். பையன் வந்து இருக்கிறான்.

“சாப்பிட்டியே தம்பி?”

“ஓம்.”

“மெலிஞ்சு போனாய்.”

“இல்லையம்மா. தங்கச்சி வரேல்லையே?”

“அவளுக்குச் சோதினை.”

பிறகு நெடுநேரம் பேச்சில்லை. பையன் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறான். “வெளிக்கிடுங்கோவன் அம்மா. படகு போயிடும்.” போகச் சொல்வது பிள்ளை. தாய் எழும்பவில்லை. முதல் பிரதியில் இந்த இடத்தில் அவள் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டு அழுவதாக ஒரு பக்க வசனம் இருந்தது. நடிக்க வந்த பெண் அதை வாசித்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்த தாய் அதைக் கேட்கமாட்டாள் அண்ணா, கேட்டால் அவளால் திரும்பிப் போக ஏலாது என்றார். பக்கம் போய்விட்டது. காட்சி நிலைத்தது.

வடக்கில் படமெடுக்கிறவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். முட்கம்பி வேலியை ஒரு ஷொட்டில் காட்டினால் இங்கே பார்ப்பவர் சிறுவர் சிறையை நினைக்கமாட்டார், 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்த தன் உறவினரை நினைப்பார். அவ்வருடம் உள்நாட்டுப் போர் முடிந்தபோது புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட முன்னாள் சிறுவர் போராளிகள் மட்டும் 594 பேர், அவர்களில் 230 பேர் பெண்பிள்ளைகள். அவர்களில் பலரும் இன்று முப்பதைத் தாண்டி, தங்கள் பிள்ளைகளோடு தொலைக்காட்சி பார்க்கிறார்கள். படகும் அப்படியே. 1985 மே 15ஆம் திகதி குமுதினியில் போனவர்களை நடுக்கடலில் வெட்டிக் கொன்றதை நெடுந்தீவில் மறந்தவர் இல்லை. அந்தப் படகை வெறும் போக்குவரத்துச் சாதனமாகக் காட்ட நெடுந்தீவில் யாராலும் முடியாது. ஆகவே அந்தப் பெயரைச் சொல்லாமல், இயந்திரச் சத்தத்தையும் தாயின் முகத்தையும் மட்டும் வைத்து எடுப்பதென்று முடிவு.

நடிக்கும் பையன்களைப் பற்றி ஒரு சொல். உள்ளே இருக்கும் பிள்ளைகளைக் கமராவுக்கு முன் கொண்டுவருவதைச் சட்டமும் மறிக்கிறது, மனச்சாட்சியும் மறிக்கிறது. பள்ளிப் பையன்களே நடிக்கிறார்கள். கோபக் காட்சி முடிந்தவுடன் அவர்களை வீட்டுக்கு அனுப்புவதில்லை. வட்டமாக நின்று பெயர் சொல்லும் விளையாட்டு, பந்து, பிறகு தேத்தண்ணி. வேடத்தின் பெயரை விட்டுத் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்ன பிறகுதான் பிள்ளை படலையைத் தாண்டலாம். படப்பிடிப்புச் செலவில் இந்த அரை மணி நேரத்தை வெட்டச் சொல்லும் தயாரிப்பாளரோடு எழுதுபவர் சண்டை போடத் தயாராகவே இருக்கிறார்.

மிச்சமிருப்பது கடைசி அத்தியாயம், பையன் ஊர் திரும்புவது. பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சில ஆயிரம் பேர் வாழும் தீவில் அவன் பெயர் முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். பெருநகரத்துத் தொடர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கே பையன் வேறு தெருவுக்குப் போய்விடலாம். இங்கே அவன் எல்லோரும் ஏறுகிற அதே படகில்தான் வர வேண்டும். இப்போது இரண்டு வடிவம் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றில் பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் பக்கத்து மேசைப் பையனின் தகப்பன் மறுநாள் அதிபரிடம் வருகிறார். மற்றதில் அவன் மாமனோடு கடற்தொழிலுக்குப் போய்விடுகிறான், தங்கச்சிதான் அவன் புத்தகங்களை எடுத்து வைக்கிறாள். இரண்டையும் நடிக்கிற பையன்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். எது நடக்கும் என்று அவர்கள் சொல்லட்டும், அதன்பிறகுதான் இறுதிப் பிரதி.