பழந்தகரத்தில் எழுந்த குசினி

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகச் சுற்றிச் சுற்றிச் செல்லும் மலைப்பாதை நம்மை நோட்டன் பிரிட்ஜில் கொண்டு சேர்க்கின்றது. கெசல்கமு ஓயாவை மறித்து 1950ஆம் ஆண்டில் எழுந்த அணைக்கட்டும், காசல்ரீயின் நீரைக் கொண்டு 1965 முதல் இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையமும் இவ்வூரின் பெருமைகள். அவற்றைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். நாம் காண விழைந்தது தேயிலைச் சரிவுகளிலுள்ள லயங்களை.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வரிசை வீடுகளே லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடியாக ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு. ஒரு குடும்பத்திற்கு இவ்வளவே. மகனுக்கு மணமானால் இடம் போதாது. அப்பொழுது கோடிப்புறத்தில் ஒரு குசினியோ சிற்றறையோ முளைக்கின்றது.

அதற்காகக் கடையில் வாங்குவது ஆணியும் கொஞ்சம் சீமெந்தும் மாத்திரமே. பாதை போட்டு முடிந்ததும் எஞ்சும் தார்ப் பீப்பாயைப் பிளந்து, தட்டி நிமிர்த்தினால் சுவராகிவிடும். கூரை மாற்றும்போது கழற்றிய பழைய தகரத்தின் ஆணித் துளைகளைத் தார் அடைக்கின்றது. இரவுக் குளிரில் தகரம் வியர்த்துச் சொட்டும். அதைத் தாங்க உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து உட்கூரையாகக் கட்டுகின்றனர். தென்மேற்குப் பருவக்காற்று தூக்கிச் செல்லாதபடி, மேலே கற்களும் தேய்ந்த டயர்களும்! எந்தப் பொறியியல் கல்லூரியிலும் கற்காத கைகளின் வேலை இது.

கல்லால் கட்டினால் என்னவென்று ஒரு மூதாட்டியிடம் கேட்டோம். "கல்லுல கட்டுனா அது தோட்டத்துக்குத்தாங்கையா. தகரம்னா கழட்டிக்கிட்டுப் போயிறலாம்" என்றார்.

பழைய பொருளில் வீடு கட்டுவதைச் சிக்கனம் என்றும் புதுமை என்றும் போற்றுவோர் இதனைக் கேட்டிருத்தல் வேண்டும். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. லயத்தில் வாழ்வோர் கைக்கு மாத்திரம் மண் வரவில்லை. பின்னர் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் பிறந்தது. இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகள். மேலும் 10,000 வீடுகள் தரப்படுமென 2017 மே மாதத்தில் அயலூரான நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். சில குடும்பங்கள் குடிபுகுந்துவிட்டன. லயத்திலேயே காத்திருப்போர் இன்னும் மிகப் பலர்.

அம்மூதாட்டியும் அவர்களுள் ஒருவர். கட்டிலுக்கடியில் துருவேறாத இரண்டு தகரங்களைச் சாக்கில் சுற்றி வைத்திருக்கின்றார். வீடு கிடைத்தால், விறகு அடுக்க ஒரு கொட்டகை வேண்டுமாம்.