கெப்பாலா பத்தாஸில் ஒரு மாட்டுக் கொட்டகை

பிறையில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இரண்டு கறவை மாடு வாங்கப் போவதாக அண்ணன் மகன் சொன்னதும் வீட்டில் பெரிய ரகளை. "முதலில் ஒரு கொட்டகையைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று நான்தான் அவனை அழைத்துப் போனேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே கிளம்பினோம். கெப்பாலா பத்தாஸ் என்றால் பலருக்கும் முன்னாள் பிரதமர் துன் அப்துல்லா படாவியின் தொகுதி. 1978 முதல் 2013 வரை அவர்தான் அங்கே நாடாளுமன்ற உறுப்பினர். எனக்கு அது வயலும் செம்பனையும் மாறி மாறி வரும் ஊர். மண்பாதையில் திரும்பியதும் சாண வாடையே வழிகாட்டியது.

கொட்டகைக்காரப் பெரியவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பால்மரம் சீவிய நம்மவர்கள் பலர் லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த காலம் அது. இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றலைக் கால்நடைத் துறையில் எல்.ஐ.டி. என்பார்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாற, மேய்ச்சலும் போயிற்று. இவர் நெப்பியர் புல்லை வெட்டிப் போட்டுச் சமாளிக்கிறார்.

"கறக்கவா ஐயா?" பையன் சட்டைக் கையை மடித்தான்.

"கறக்கிறது அப்புறம் தம்பி. அந்த ஆறு மாட்டுல எது சரியில்லன்னு சொல்லு பார்ப்போம்."

அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. பெரியவர் மூன்றாவதைக் காட்டினார். அது அசை போடவில்லை. மடியில் ஒரு பக்கம் சூடு. முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டார்; பால் திரிதிரியாக நின்றது. மடிநோய். அதைக் கடைசியில் கறந்து தனியே கொட்ட வேண்டுமாம்.

மற்றவற்றில் கன்று முட்டிப் பால் இறங்கியதும் ஏழெட்டு நிமிடத்தில் கறந்து முடித்தார். உடனே புல் போட்டார். பசிக்கு என்று நினைத்தேன். கறந்தபின் காம்புத் துளை மூட அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி ஏறிவிடும். நிற்க வைக்கத்தான் அந்தப் புல்.

"21 நாளுக்கு ஒருக்கா பருவத்துக்கு வரும். காலையில கத்துனா சாயங்காலம் சினை ஊசி. நைட் ஷிப்டு முடிஞ்சு தூங்கிட்டியா, இன்னும் 21 நாள் சும்மா தீனி போடணும். சினையானாலும் ஈனுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே கறவையை நிறுத்தணும். ரெண்டு மாட்டுல ஒண்ணு வத்துனா பாதிச் சம்பளம். வீட்டுல தாங்குவாங்களா?"

பையன் பதில் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ரொட்டி சானாய் கடையில் தே தாரிக் குடித்தோம். அதிலும் டின் பால்தான்.

அதன்பிறகு அவன் சனி, ஞாயிறுகளில் அங்கே சாணம் அள்ளப் போகிறான். சம்பளம் கிடையாது. போன வாரம் ஒரு மாடு பருவத்துக்கு வந்ததைப் பெரியவருக்கு முன்பே பார்த்துச் சொன்னானாம். வேலையை இன்னும் விடவில்லை. அண்ணிதான் வெள்ளிக்கிழமை ராத்திரியானால் என்னை முறைக்கிறார்.