தட்டுப் பரீட்சை

ராஜபாளையத்தில் நான் நாய்க்குட்டி வாங்கிய வீட்டுக்காரர், எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி ஒரு அடி அடித்தார். குட்டிகள் சிதறி ஓடித் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்தன. ஒன்று மட்டும் அசையாமல் என் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது. பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. “இதுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது சார்” என்றார். பேரம் பேசாமல் வாங்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு போகும் வழியில் எங்கள் மாந்தோப்பு. காட்டுப்பன்றி இறங்கும் இடம்.

அந்தப் பரீட்சை எனக்குப் பிடித்துப்போனது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பெற்ற பிள்ளைகளுக்கும் வைத்துப் பார்த்தேன். படிக்கும்போது பின்னால் போய்த் தட்டை அடிப்பேன். பெரியவன் திரும்பக்கூட மாட்டான். சின்னவளுக்குத் தூக்கிவாரிப்போடும். விருந்தாளிகள் முன்னால்கூட அடித்துக் காட்டி, பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டினேன். அவள் சைக்கிள் கேட்டபோது, ரோட்டில் லாரி ஹாரன் அடித்தால் விழுந்துவைப்பாய் என்று மறுத்தேன்.

சிவகாசி இருக்கும் மாவட்டத்தில் தீபாவளிச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரு நாயெல்லாம் மூலைமுடுக்கில் ஒடுங்க, எங்கள் வீரன் சரவெடிக்குப் பக்கத்திலேயே தூங்கினான். இதைப் பெருமையாகச் சொன்னதும் கால்நடை மருத்துவர் எழுந்து, அவனுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். காதுமடல்கூட அசையவில்லை. வெள்ளைத் தோலைத் தரும் மரபணு சில குட்டிகளுக்கு உள்காதிலும் நிறமிச் செல்களை இல்லாமல் செய்துவிடுமாம். அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடும். டால்மேஷியன் நாய்களிலும் இதே கதைதான்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளுவது மூளைத்தண்டின் வேலை. நாம் யோசிப்பதற்குள் உடம்பு அதை முடித்துவிடும். டார்வின் லண்டன் மிருகக்காட்சி சாலையில், ஆப்பிரிக்க விரியன் இருந்த கண்ணாடிக் கூண்டில் முகத்தை ஒட்டிக்கொண்டு, நகரவே கூடாது என்ற உறுதியோடு நின்றிருக்கிறார். பாம்பு கொத்தியதும் பின்னால் துள்ளிவிட்டார். 1872இல் வெளியான புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். கப்பலேறி உலகைச் சுற்றிவந்த மனிதர்!

பெரியவனின் தைரியத்தையும் விசாரித்தேன். “நீங்க தட்டோட வர்றது அலமாரிக் கண்ணாடியில தெரியும்ப்பா.”

சைக்கிள் வந்துவிட்டது. நாய்க்குக் கைச்சைகை பழக்கியதும் சின்னவள்தான். ராஜபாளையத்துக்காரரைப் பார்த்து, உங்கள் வீரனுக்குக் காது கேட்காது என்றேன். அவர் அசரவில்லை.

“கேக்கலைன்னா என்ன சார்? பயப்படலைல்ல?”